கிந்தூப் என்னும் தையற்காரர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

அடர்ந்த கானகத்திற்குள் ஒரு குழு புறப்பட்டுச் செல்வதும், சென்றவர்கள் ஒருவர்பின் ஒருவராக அழிவதும், மிஞ்சிய ஒருவர் பித்துப் பிடித்தவராய்த் திரும்புவதுமாக அமைந்த பயங்கர நாவல்களுக்கு மாணவரிடையே என்றும் தனி மதிப்பு உண்டு. அட்டை கிழிந்து, முதல் பத்துப் பக்கங்கள் காணாமற்போன பின்னும் அவை கைமாறிக்கொண்டே இருக்கும். ஆங்கிலத்தில் அவ்வகையில் பெயர் பெற்றது டான் சிம்மன்ஸ் 2007-இல் எழுதிய ‘தி டெரர்’ என்னும் நாவல். 1845-இல் வடதுருவப் பனிக்கடலில் வழி தேடிப் புறப்பட்டு, இரண்டு கப்பல்களோடும் 129 பேரோடும் அழிந்துபோன சர் ஜான் பிராங்க்ளின் குழுவின் உண்மைக் கதையை எடுத்துக்கொண்டு, அதிலே ஒரு கொடிய மிருகத்தையும் சேர்த்து அவர் அந்நாவலைப் புனைந்தார். மிருகம் எதற்கு என்பதே என் கேள்வி. குளிரும் பசியும் உடன் வந்தவனின் துரோகமும் போதாவா?

நம் நாட்டிலேயே அப்படியொரு பயணம் நடந்திருக்கிறது. இரண்டே பேர் போனார்கள். ஒருவன் பாதி வழியில் மற்றவரை அடிமையாக விற்றுவிட்டுப் போய்விட்டான். விற்கப்பட்டவர் நான்கு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தார். அவர் பெயர் கிந்தூப். புவியியல் வரலாற்றைப் படிப்போர் அறிந்த பெயர்தான். ஆயினும் நம் பாடப்புத்தகங்களில் நான் அவரைக் கண்டதில்லை.

கதைக்குள் செல்லுமுன் ஓர் ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். கைலாய மலைப் பக்கத்தில் தோன்றித் திபெத்தின் குறுக்கே கிழக்கு நோக்கி ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகிறது சாங்போ என்னும் பேராறு. கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரத்தில், நம்சா பர்வா என்னும் 7,782 மீட்டர் உயரமுள்ள சிகரத்தின் அருகே, அது மலைகளுக்குள் புகுந்து மறைந்துவிடும். மலைக்கு இந்தப்பக்கம் அசாம் சமவெளியின் தலைப்பில், வெறும் 150 மீட்டர் அளவு உயரத்தில், திகாங் என்னும் ஆறு வெளிப்பட்டுப் பிரம்மபுத்திராவில் கலக்கிறது. அதுதான் இதுவா? அல்லது சாங்போ பர்மாவுக்குள் சென்று ஐராவதியாகிறதா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிஞர்கள் இதைப்பற்றி எழுதாத தாள் இல்லை, செய்யாத வாதம் இல்லை. ஒரே ஆறுதான் என்றால், குறுகிய தூரத்திற்குள் 9,000 அடிக்கு மேல் அது இறங்கியாக வேண்டும். அப்படியானால் நயாகராவைப் போல் பல மடங்கு பெரிய நீர்வீழ்ச்சி ஒன்று அம்மலைகளுக்குள் ஒளிந்திருக்க வேண்டும் என்று பலர் கனவு கண்டனர்.

நேரில் போய்ப் பார்த்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் திபெத் அந்நாளில் வெள்ளையருக்குக் கதவடைத்திருந்தது. ஆகவே இந்திய நில அளவைத் துறை ஒரு தந்திரம் செய்தது. மலைநாட்டு மக்களுள் சிலரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்து, யாத்திரிகர் வேடத்தில் அனுப்பியது. இவர்களுக்குப் ‘பண்டிதர்கள்’ என்று பெயர். 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே லாம்டன் என்பவர் சங்கிலி பிடித்துத் தொடங்கிய அளவைப் பணி, அறுபது ஆண்டுகளில் இமயத்தின் மறுபக்கம்வரை ஆளனுப்பும் அளவுக்கு வளர்ந்திருந்தது.

பண்டிதர்களின் கருவிகளை இயற்பியல் மாணவன் என்ற முறையில் வியக்காமல் இருக்க முடியவில்லை. பௌத்தர்களின் செபமாலையில் 108 மணிகள் இருக்கும். இவர்கள் மாலையில் 100 மணிகள்தாம். நூறு அடி நடந்தால் ஒரு மணி தள்ளுவார்கள்; ஒரு மைலுக்கு ஏறக்குறைய 2,000 காலடி என்று நடையையே பழக்கி வைத்திருந்தார்கள். கையில் சுழற்றும் செப உருளைக்குள் மந்திரத்தாளுக்குப் பதிலாகக் குறிப்புத்தாள். இரவில் யாரும் காணாமல் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அதில் வெப்பமானியை இட்டுப் பார்ப்பார்கள். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும். 3,000 மீட்டரில் தண்ணீர் ஏறத்தாழ 90 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். அந்த எண்ணிலிருந்து மலையின் உயரம் கிடைத்துவிடும். முதலாண்டில் நாம் ஆய்வகத்தில் ஒரு பகல் பொழுதைக் கழித்துவிட்டு மறந்துபோன பாடம் இதுவே. அவர்கள் அகப்பட்டால் தலைபோகும் என்ற நிலையில் இதைச் செய்தார்கள். இவர்களுள் தலைசிறந்தவர் நயின் சிங். 1866-இல் லாசாவை அடைந்து, அதன் இருப்பிடத்தையும் உயரத்தையும் கணித்தவர் அவர்.

நயின் சிங் பள்ளி ஆசிரியர். கிந்தூப்போ எழுதவும் படிக்கவும் அறியாதவர். சிக்கிமைச் சேர்ந்தவர், தார்ஜிலிங்கில் தையல் தொழில் செய்து பிழைத்தவர். 1878-இல் நேம் சிங் என்னும் பண்டிதருக்கு உதவியாளாகச் சென்று, சாங்போ மறையும் இடத்தருகே உள்ள கியாலா என்னும் ஊர்வரை போய் வந்தார். அந்த அனுபவத்தை நம்பித்தான் 1880-இல் தார்ஜிலிங்கிலிருந்த கேப்டன் ஹார்மன் அவரை மீண்டும் அனுப்பினார். இம்முறை தலைவர் ஒரு சீன லாமா. எழுதத் தெரிந்தவர் என்பதற்காக அவர் தலைவர். கிந்தூப் அவருடைய வேலைக்காரர் என்ற வேடம். ஆற்றையொட்டியே நடந்து இந்தியாவுக்குள் வந்துவிட வேண்டும் என்பது உத்தரவு. அது முடியாவிட்டால் மாற்று வழி ஒன்றையும் ஹார்மன் சொல்லியிருந்தார். ஓரடி நீளமுள்ள 500 மரக்கட்டைகளை வெட்டி, அடையாளத் தகரக் குழாய்களைப் பொருத்தி, நாளொன்றுக்கு ஐம்பது வீதம் ஆற்றில் விட வேண்டும். அசாம் பக்கம் ஆட்கள் காத்திருந்து பார்ப்பார்கள். கட்டை வந்தால் இரண்டும் ஒரே ஆறு. இதைவிட எளிமையான, அழகான சோதனை இருக்க முடியாது.

ஆனால் தலைவர் சரியில்லை. வழியில் ஓர் ஊரில் தங்க இடங்கொடுத்தவன் மனைவியிடம் லாமா மனத்தைப் பறிகொடுத்து, நான்கு மாதம் அங்கேயே கிடந்துவிட்டார். விவகாரம் வெளிப்பட்டபோது இருபத்தைந்து ரூபாய் கொடுத்து அவரை மீட்டவர் கிந்தூப்தான். பிறகு கியாலாவைக் கடந்து, பேமகோசுங் என்னும் சிறு மடத்தையும் அடைந்தனர். அதற்கப்பால் ஆற்றோரம் வழியே கிடையாது. இருபுறமும் செங்குத்தான பாறை. சுற்றி வந்து தோங்யுக் என்னுமிடத்துக் கோட்டையை அடைந்தபோது, இரண்டு மூன்று நாளில் வந்துவிடுகிறேன் என்று சொல்லி லாமா புறப்பட்டார். அவர் திரும்பவேயில்லை. நாட்கள் பல சென்ற பின்னரே, கோட்டை அதிகாரியிடம் தம்மை அடிமையாக விற்றுவிட்டு அவர் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்ற செய்தி கிந்தூப்புக்குத் தெரிய வந்தது. இது 1881 மே மாதம்.

பயங்கர நாவல் எழுதுவோர் இந்த இடத்தில் என்ன செய்வார்களோ தெரியாது. என்னை நடுங்கச் செய்தது அந்த இரண்டு மூன்று நாள் என்ற சொல்தான். கிந்தூப் எத்தனை நாள் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்!

ஏறக்குறைய பத்து மாதம் அங்கே அடிமைவேலை. 1882 மார்ச்சில் ஒருநாள் தப்பி ஓடினார். நண்பர்களே, இங்கேதான் கவனிக்க வேண்டும். வந்த வழியே வீட்டுக்கு ஓடுவதுதான் இயல்பு. அவர் ஆற்றின் போக்கில், மேலும் காட்டுக்குள் ஓடினார். பேமகோ என்று பெயர் பெற்ற அப்பகுதி ஓயாத மழைக்கும் அட்டைகளுக்கும் பேர்போனது. மார்ப்பங் என்னும் மடத்தை அவர் அடைந்தபோது, கோட்டை அதிகாரியின் ஆட்கள் துரத்தி வந்துவிட்டார்கள். கிந்தூப் மடத்துத் தலைமை லாமாவின் காலில் விழுந்தார். அந்த லாமா ஐம்பது ரூபாய் கொடுத்து அவரை வாங்கிக்கொண்டார். ஓர் அடிமை, இன்னொருவருக்கு அடிமையானார்; அவ்வளவே. ஆனால் இவர் இரக்கமுள்ளவர். இவ்வரலாற்றில் வரும் அதிகாரமுள்ள மனிதர்களுள் எனக்குப் பிடித்தவர் இவர் ஒருவரே.

நாலரை மாதம் வேலை செய்தபின், தீர்த்த யாத்திரை போக வேண்டும் என்று சொல்லி விடுமுறை கேட்டார் கிந்தூப். லாமா மனமுவந்து அனுப்பினார். யாத்திரை எங்கே? காட்டுக்குள் சென்று மரம் வெட்டினார். ஓரடிக் கட்டைகளாக ஐந்நூறு. அவற்றை ஒரு குகைக்குள் மறைத்து வைத்துவிட்டு மடத்துக்குத் திரும்பினார். உடனே ஆற்றில் விடவில்லை. காரணம் தெளிவு. அசாம் கரையில் காத்திருப்போர் இத்தனை மாதம் கண்விழித்திருப்பார்களா? எந்த நாளில் கட்டை வரும் என்பதை அவர்களுக்குச் சொன்னால்தான் சோதனை பொருள்படும். எழுத்தறியாத ஒருவர் இவ்வாறு சிந்தித்தார்.

சில மாதம் கழித்து மறுபடியும் யாத்திரை விடுமுறை. இம்முறை லாசாவுக்கே நடந்தார். அங்கே தம் நாட்டவர் ஒருவரைக் கண்டு, தார்ஜிலிங்கிலிருந்த நேம் சிங்குக்கு ஒரு கடிதம் எழுதச் செய்தார். லாமா தம்மை விற்றுவிட்டதையும், இருந்தும் கட்டைகள் ஆயத்தமாக இருப்பதையும், திபெத்திய ஆண்டின் பத்தாம் மாதம் ஐந்தாம் நாள் முதல் பதினைந்தாம் நாள் வரை தினமும் ஐம்பதாக அவற்றை விடப்போவதையும் அக்கடிதம் தெரிவித்தது. லாசாவிலிருந்து தார்ஜிலிங்குக்கு அறிந்த வழி உண்டு; அப்படியே வீடு போயிருக்கலாம். அவர் திரும்பவும் மார்ப்பங்குக்கு நடந்து, தம்மை வாங்கியவரிடமே சேர்ந்து, மேலும் ஒன்பது மாதம் பணிசெய்தார். அவருடைய பக்தியை மெச்சி லாமா இறுதியில் அவருக்கு விடுதலை கொடுத்தார். அதன்பின் அந்த நாட்களும் வந்தன. பீபுங் என்னுமிடத்தில் நின்று, நாளுக்கு ஐம்பதாகப் பத்து நாள், ஐந்நூறு கட்டைகளையும் ஆற்றில் விட்டார்.

எங்கள் சுந்தரபாண்டியத்தின் அருகே அர்ச்சுனா நதி ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. மழைக்காலத்தில்தான் தண்ணீரைக் காணலாம். சதுரகிரிப் பக்கம் மழை பெய்து வெள்ளம் இறங்கும்போது, சிறுவர்கள் தென்னை மட்டைகளை எறிந்துவிட்டுக் கரையோரம் கூடவே ஓடுவோம். கொஞ்ச தூரத்தில் அது கண்ணுக்கு மறைந்துவிடும். கீழே யாராவது பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றியதில்லை. கிந்தூப்பின் கட்டைகளைக் கீழே பார்க்க ஒருவரும் இல்லை. கடிதம் சேர வேண்டிய காலத்தில் சேரவில்லை. ஹார்மனோ, அக்கடிதம் எழுதப்பட்ட நாளிலேயே, பனியில் உடல் கெட்டுப்போய் இந்தியாவை விட்டுச் சென்றிருந்தார். 1883-இல் இத்தாலியில் இறந்தும் போனார். அவரோடு காவல் ஏற்பாடும் போயிற்று. ஐந்நூறு கட்டைகளும் அசாம் வழியாக மிதந்து வங்கக் கடல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

இது தெரியாத கிந்தூப், கட்டைகளை விட்டபின்னும் முதல் உத்தரவை நிறைவேற்ற முயன்றார். ஆற்றோடு கீழ்நோக்கி நடந்தார். இன்று அருணாசலப் பிரதேசத்தில் ஆதி மக்கள் எனப்படுவோரின் நிலத்துக்குள், இந்தியச் சமவெளிக்குச் சில நாள் நடையில், அம்மக்கள் அவரை மேலே விடாமல் தடுத்துவிட்டனர். மறுபடியும் திபெத் முழுவதையும் சுற்றிக்கொண்டு 1884 நவம்பர் 17-ஆம் நாள் தார்ஜிலிங் வந்து சேர்ந்தார். அதற்குள் அவருடைய தாயும் இறந்துவிட்டிருந்தார்.

பிறகு நடந்ததுதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. குறிப்புத்தாள் ஒன்றும் அவரிடம் இல்லை. நான்கு ஆண்டுகளின் ஊர்ப் பெயர்கள், தொலைவுகள், ஆறு திரும்பும் திசைகள் எல்லாம் நினைவிலேயே இருந்தன. அவர் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதினார். அது ஆங்கிலமாக்கப்பட்டு அச்சேறியது. படித்த பெரியவர்கள் பாதியை நம்பினார்கள், பாதியை நம்பவில்லை. எழுத்தறியாதவன் இத்தனையையும் எப்படி நினைவில் வைத்திருக்க முடியும் என்பது அவர்கள் ஐயம்.

அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் அந்த ஐயம் தோன்றியிராது. எங்கள் ஊர் தறி ஓடும் ஊர். என் தாத்தா கைநாட்டு வைத்தவர். பாவில் இத்தனை இழை, கரையில் இத்தனை, எந்தச் சேலைக்கு எந்த ஆண்டு எவ்வளவு கூலி என்று அவர் வாயிலிருந்து வரும் கணக்கில் நாங்கள் பிழை கண்டதில்லை. பிழை எங்கே வரும் என்றால், அவர் சொல்ல இன்னொருவர் எழுதும்போதுதான். ஒருமுறை ஓர் அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்தவர் அவர் தந்தையின் பெயரைத் தவறாக எழுதிவிட, அதைத் திருத்தக் குடும்பமே இரண்டு ஆண்டு அலைந்தது. தாத்தா சொன்னதைவிடத் தாளில் இருந்ததற்கே அங்கே மதிப்பு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். வீட்டில் எந்தத் தாள் வந்தாலும் இன்று நான்தான் இரண்டு முறை படித்துப் பார்க்கிறேன்.

கிந்தூப்பின் அறிக்கையிலும் அதுவே நடந்தது. பேமகோசுங் அருகே சாங்போ 150 அடி உயரத்திலிருந்து விழுகிறது என்று அதில் இருந்தது. அந்த ஒரு வரியை மட்டும் உலகம் விடாமல் பிடித்துக்கொண்டது. 1913-இல் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்னும் இரு ஆங்கில அதிகாரிகள் அவ்வழியே நடந்து சென்றனர். கிந்தூப் சொன்ன ஊரும் வழியும் மடமும் சொன்னபடியே இருப்பதைக் கண்டனர். அருவி மட்டும் 30 அடி அளவே இருந்தது. திரும்பி வந்த பெய்லி, கிந்தூப் உயிரோடிருப்பதை அறிந்து நேரில் வினவியபோது உண்மை வெளிப்பட்டது. கியாலா அருகே ஒரு சிற்றோடை மலையுச்சியிலிருந்து விழுகிறது. உயரமான அருவி அதுதான். எழுதியவரோ ஆங்கிலமாக்கியவரோ அதையும் ஆற்றில் உள்ள சிறு வீழ்ச்சியையும் ஒன்றாக்கிவிட்டார். தம் பெயரில் வெளிவந்த அறிக்கையைத் தாமே படித்துத் திருத்த முடியாதவராகக் கிந்தூப் முப்பது ஆண்டு இருந்திருக்கிறார். (அந்தப் பள்ளத்தாக்கின் இன்னும் உள்ளே 100 அடிக்குச் சற்று மேற்பட்ட அருவி ஒன்று உண்மையிலேயே ஒளிந்திருந்ததை 1998-இல் சென்ற குழுவினர் அளந்து கண்டனர் என்பது வேறு செய்தி. அப்பள்ளத்தாக்கில்தான் 60,000 மெகாவாட் மின்னாற்றலுக்கான அணைப்பணியைச் சீனா 2025 ஜூலையில் தொடங்கியது.)

இவ்வரலாற்றை வகுப்பில் நண்பரிடம் சொன்னபோது, ஆங்கிலேயருக்கு ஒற்றனாகப் போனவனைப் போற்றலாமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. பண்டிதர்கள் திரட்டிய விவரங்கள் அரசியலுக்கும் பயன்பட்டன. 1904-இல் ஆங்கிலப் படை லாசாவுக்குள் புகுந்ததையும் மறைப்பதற்கில்லை. அறிவியல் தனியே, ஆட்சி தனியே அன்று இருக்கவில்லை. ஆனால் மார்ப்பங் காட்டில் கோடாலியோடு நின்ற கிந்தூப்புக்கு முன்னால் எந்தப் பேரரசும் இல்லை. கண்காணிக்க ஆளில்லை, வேலையை விட்டிருந்தால் கேட்பாரும் இல்லை. வாங்கிக்கொண்ட வேலை ஒன்று முடியாமல் இருந்தது. கொக்கி வைத்துத் தைக்கக் கொடுத்த சட்டையைக் கொக்கி வைக்காமல் கொடுக்கத் தையற்காரருக்கு மனம் வராது என்பதற்கு மேல் இதை விளக்க எனக்குத் தெரியவில்லை. நண்பர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

திரும்பி வந்தபின் கிந்தூப் தார்ஜிலிங்கில் மீண்டும் ஊசியைக் கையில் எடுத்தார். இடையிடையே மலைக்குச் செல்லும் வெள்ளையருக்கு வழிகாட்டியாகப் போனார். அப்படி அவரை அழைத்துச் சென்ற வாடல் என்பவர் 1899-இல் வெளியிட்ட நூலில் அவரைச் சிறப்பித்து எழுதியிருக்கிறார். பெய்லியின் முயற்சியால் 1914-இல் சிம்லாவுக்கு அழைக்கப்பட்டபோது அவர் கிழவர். அவருக்கு ஓய்வூதியம் தர வேண்டும் என்று பெய்லி அரசிடம் வாதாடினார். கிழவர் இன்னும் நெடுங்காலம் வாழ்ந்துவிட்டால் செலவுக்கு வரம்பு இராது என்று அரசு தயங்கி, ஆயிரம் ரூபாயை ஒரே தொகையாகக் கொடுத்து முடித்துக்கொண்டது. நான்கு ஆண்டுக்கு வகுத்துப் பார்த்தேன். மாதம் இருபத்தொரு ரூபாய்கூட வரவில்லை. அதைப் பெற்றுக்கொண்டு அவர் தார்ஜிலிங்குக்குத் திரும்பினார். பிறகு நெடுநாள் செல்லவில்லை, அவர் இறந்துபோனார்.